பால்வெட்டும் ஃபைபர் பில்லும்

குமரி மாவட்டம் குலசேகரத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிற எல்லார் கையிலும் செல்போன் உண்டு. வீட்டில் இணையத்துக்கு ஃபைபர் லைன் இருக்கான்னு கேட்டால் பாதிப்பேர் சிரிப்பார்கள். படிப்பு குறைவு என்று சொல்ல வழியில்லை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதல் மாவட்டமே குமரிதான், 91 சதவீதத்துக்கும் மேல். சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் இருக்கிறோம். கேபிள் இழுக்கிறவருக்கு லாபம் வரவேண்டிய மண். ஆனால் அது நாகர்கோவிலையும் குளச்சலையும் சேர்த்துப் போட்ட சராசரி. இங்கே வீடுகள் ரப்பர் விளைக்குள்ளே, அதாவது தோட்டத்துக்குள்ளே, ஆளுக்கொரு மூலையில் கிடக்கின்றன. ரோட்டு போஸ்ட்டிலிருந்து ஒரே ஒரு வீட்டுக்காக அவ்வளவு வயர் இழுக்க எவருக்கும் மனசு வராது.

அதைவிடப் பெரிய சிக்கல் வருமானம் வருகிற விதம். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டுக்குப் போகும் அக்கா ஒருத்தி பிள்ளையின் ஸ்காலர்ஷிப் படிவம் போட வந்தாள். லைன் எடுக்கச் சொன்னேன். "மாசா மாசம் கட்டணும்லா மக்கா? மழை பெஞ்சா வெட்டு இல்ல. வெட்டு இல்லன்னா துட்டு இல்ல." ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, தை மாசியில் இலை உதிர்வு. இந்த நாட்காட்டியில் மாதத் தவணை எங்கே உட்காரும்? போதாததற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. மோடம் இலவசம் என்கிறார்கள், ஆறு மாதப் பணத்தை முன்னாடியே கட்டினால்!

அடிப்படை இணையத்துக்கு ஆகும் செலவு தலா மாத வருமானத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்கணும் என்பது ஐ.நா.வின் பிராட்பேண்ட் ஆணையம் வைத்த இலக்கு. நல்ல அளவுகோல்தான். வேலை இல்லாத மாதத்தில் எதன் 2 சதவீதம்?

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தபோது இந்த வீடுகள் உடனே உள்ளே வந்ததற்கு மலிவு மட்டும் காரணமில்லை. துட்டு இருக்கும்போது ரீசார்ஜ், இல்லாதபோது சும்மா இருக்கலாம். யாரும் வீட்டு வாசலில் வந்து கேட்கமாட்டார்கள். அன்றாடக் கூலிக்கு அன்றாட நெட்.

2020 டிசம்பரில் மத்திய அரசு பி.எம். வாணி திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. டீக்கடைக்காரர்கூட லைசென்ஸ் இல்லாமல் சின்னக் கூப்பன் போட்டு வைஃபை விற்கலாம். நானும் யோசித்தேன். என் கடை ராத்திரி எட்டு மணிக்கு மூடிவிடும். பிள்ளைகள் படிக்க உட்கார்வது அதுக்கு அப்புறம்தான். வைஃபை சிக்னல் ரெண்டு விளை தாண்டி அந்த அக்கா வீட்டுக்கு எட்டவும் எட்டாது.