ஒற்றைக் காலில் நிற்கும் ஹெர்மீஸை வீட்டுக்குக் கொண்டுவந்த கதை

முதலில் வாங்கிய சிலை, கிரேக்கத் தேவர்களின் தூதன் ஹெர்மீஸ், கணுக்காலில் ஒடிந்து விழுந்தபோதுதான் அது வெண்கலமே இல்லை என்று எனக்குத் தெரிந்தது. பாரீஸுக்கு வெளியே ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவோரமாக நடக்கும் பழம்பொருள் சந்தை ஒன்றில் 150 யூரோ கொடுத்து வாங்கியது. அலமாரியிலிருந்து மேசைக்கு மாற்றும்போது பீடத்தைப் பிடிக்காமல் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டேன், சுண்ணாம்புக் கட்டி உடைகிற மாதிரி ஒரு சத்தம், கையில் ஆள், மேசையில் பாதம். உடைந்த இடத்தைப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறம். வெண்கலம் உடைந்தால் உள்ளே பொன்மஞ்சளாகத்தான் இருக்கும்.

இது துத்தநாகக் கலவை, இங்கே 'ரேகுல்' என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெண்கலம் வாங்க முடியாத வீடுகளுக்காக நிறையச் செய்து மேலே பழுப்புச் சாயம் ஏற்றி விற்றார்கள். விற்றவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் எரிச்சல். அட்டையில் 'பத்தீன் ப்ரோன்ஸ்' என்று எழுதியிருந்தார், அதாவது வெண்கல நிறப் பூச்சு. நான் இரண்டாவது வார்த்தையை மட்டும் படித்திருக்கிறேன். பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும், சூடு காட்டிப் பற்றவைக்கப் போனால் கால் மொத்தமும் ஒழுகிவிடும், பசைதான் வழி என்றார்.

சரி, இந்தச் சிலையை ஏன் விடாமல் தேடினேன் என்றால், அதன் நிற்பு. மூலம் ஜாம்பொலோஞ்ஞா என்ற சிற்பி 1580 வாக்கில் செய்தது, இத்தாலியின் ஃபுளோரன்ஸில் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தேவர்களின் தூதன் கிளம்பிவிட்டான், ஒரு விரல் வானத்தைக் காட்டுகிறது, ஒரு கால் பின்னால் பறக்கிறது, மற்றக் காலின் நுனி மட்டும் கீழே படுகிறது. அதுவும் தரையில் இல்லை, கன்னத்தை உப்பிக்கொண்டு மேலே ஊதுகிற காற்றுத் தேவனின் மூச்சின் மேல்! அவ்வளவு பாரத்தையும் ஒரு கணுக்காலில் நிறுத்த வெண்கலத்தால்தான் முடியும், துத்தநாகத்தால் முடியாது என்பதை 150 யூரோ கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஆளும் சாதாரண ஆள் இல்லை. பிறந்த அன்றைக்கே அப்பல்லோவின் மாடுகளைத் திருடியவன், நம் வெண்ணெய்த் திருடனுக்கு அண்ணன் முறை.

இரண்டாவது தடவை பாரீஸின் த்ரூவோ ஏல மண்டபத்துக்குப் போனேன். கோட்டு சூட்டு போட்டவர்கள் மட்டும் போகிற இடம் என்று பல வருடம் நினைத்திருந்தேன், அப்படி இல்லை. உள்ளே போகக் காசு கிடையாது, ஏலத்துக்கு முதல் நாள் பொருள்களைப் பார்வைக்கு வைப்பார்கள், கேட்டால் கையிலேயே எடுத்துப் பார்க்கலாம்.

அங்கே நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பார்வைக்கு இருந்த ஒரு ஹெர்மீஸ் சிலையைக் கவிழ்த்தேன், உள்ளே வெறும் கூடு. இதுவும் போலிதான் என்று கீழே வைத்துவிட்டேன். என் மண்டையில் இருந்தது சுவாமிமலைக் கணக்கு: மெழுகு வார்ப்பு, உள்ளே முழுக்க உலோகம், தூக்கினால் கை இறங்க வேண்டும். இங்கே வழி வேறு. பார்பெதியென் மாதிரியான பாரீஸ் பட்டறைகள் மணல் அச்சில் பொள்ளலாகத்தான் வார்த்தார்கள், கை கால்களைத் தனித்தனியாக வார்த்து ஆணி வைத்துப் பொருத்தி, இணைப்புத் தெரியாமல் உளியால் சீவிவிடுவார்கள். மூலச் சிலையை அளவு குறைத்துப் படியெடுக்க அஷீல் கோலா கண்டுபிடித்த இயந்திரம் வேறு அவர்களிடம் இருந்தது. பொள்ளலாக இருப்பது இங்கே குறையே இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிவிட்டு, விரல் நகத்தால் ஹெர்மீஸின் தொடையைத் தட்டிக் காட்டினார். சின்ன மணி மாதிரி ஒரு ஓசை இழுத்துக்கொண்டு போனது. வீட்டில் இருந்ததைத் தட்டினால் பிளாஸ்டிக் வாளிச் சத்தம்தான் வரும்.

அப்புறம் அடிப்பக்கத்தை நிதானமாகப் பார்த்தேன். திருகாணிகள் ஒற்றைக் கோடு போட்ட பழைய வகை, சுற்றிலும் பல வருட அழுக்கு. ஸ்டார் ஸ்குரூ இருந்திருந்தால் விட்டிருப்பேன், அது 1930களுக்குப் பிறகு வந்த சமாச்சாரம். ஓர் ஓரத்தில் சாயம் தேய்ந்து மஞ்சள் தெரிந்தது. தொப்பியின் குட்டி இறக்கைகளில் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகக் கூர்மையாக இருந்தது. இன்னொரு வெண்கலச் சிலையிலிருந்தே அச்சு எடுத்து வார்த்த நகலாக இருந்தால் இந்த இடமெல்லாம் சோப்பு கரைந்த மாதிரி மழுங்கியிருக்கும், உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அளவும் கொஞ்சம் குறையும்.

பட்டியலில் 'ஜாம்பொலோஞ்ஞாவைப் பின்பற்றி, பழைய வார்ப்பு' என்று போட்டிருந்தார்கள். இந்தச் சொற்களைச் சும்மா தாண்டிப் போகக் கூடாது. பிரான்சில் 1981ஆம் ஆண்டு ஆணை ஒன்று எந்தச் சொல்லுக்கு எவ்வளவு உத்தரவாதம் என்று வரையறுத்திருக்கிறது, அந்த ஆணைக்குப் பிறகு செய்த நகல் வார்ப்பு என்றால் 'ரெப்ரொதுக்சியோன்' (நகல்) என்று பொருளிலேயே பொறித்திருக்க வேண்டும். பட்டறை முத்திரை எதுவும் இதில் இல்லை. பார்பெதியென் முத்திரை இருந்திருந்தால் என் சம்பளத்துக்கு எட்டியிருக்காது.

ஏலம் நடந்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. நான் இரண்டு தடவை கை தூக்கினேன், எதிரே ஒரு வியாபாரி தலையை ஆட்டி விலகினார், சுத்தியல் 420இல் விழுந்தது. சந்தோஷத்தில் எழுந்து போய்க் காசு கட்டும் இடத்தில் நின்றால் பில் 546 யூரோ. வாங்குபவர் தர வேண்டிய கட்டணம் 30 சதவீதம்! அறிவிப்பில் இருந்ததுதான், நான் கூட்டிப் பார்க்கவில்லை. உங்கள் உச்ச வரம்பை அந்தக் கட்டணத்தையும் சேர்த்தே முடிவு செய்துகொண்டு உட்காருங்கள்.

பழைய சாரத்தில் சுற்றி, அரிசிப் பையில் வைத்து, ரிஷலியே-த்ரூவோவில் மெட்ரோ ஏறினேன். எட்டுக் கிலோ இருக்கும். அம்மாவுக்கு வீடியோவில் காட்டியதும், "என்னடா நடராஜர் மாதிரி காலைத் தூக்கிட்டு நிக்கிறான், இவ்வளவு கறுத்துக் கிடக்கு, புளி போட்டுத் தேய்" என்றார். தேய்த்திருந்தால் கதை முடிந்தது. அந்தப் பழுப்பு நிறம் அழுக்கு இல்லை, பட்டறையிலேயே சூடும் ரசாயனமும் காட்டி ஏற்றியது, விலையில் பாதி அதற்குத்தான். உலர்ந்த மென் பிரஷ்ஷால் தூசி தட்டி, துளி தேன்மெழுகு தடவித் துணியால் துடைத்தேன், அவ்வளவுதான்.

ஒரு குறை உண்டு. இன்னொரு கையில் இருக்க வேண்டிய, பாம்புகள் பின்னிய கோல் காணாமல் போயிருக்கிறது, பிடியில் துளை மட்டும் மிச்சம். அந்தத் துளையில் போன வெள்ளிக்கிழமை என் மகள் ஊதுபத்தி செருகி ஏற்றிவிட்டாள். சாம்பல் நேராகக் காற்றுத் தேவனின் உப்பிய கன்னத்தில் விழுந்துகொண்டிருந்தது.