பின்வரிசைக்காரருக்கும் ஒரு படம்

எங்கள் கல்லூரி பாண்டில் நான் ட்ரம்பெட் ஊதினேன். மெய்வல்லுநர் போட்டி நெருங்கினால் பின்னேரம் முழுக்க மைதானத்தில்தான். உதடு வீங்கினாலும் பாண்ட் மாஸ்டர் விடமாட்டார். போட்டியன்று சனம் பார்ப்பதோ முன்னால் தடி சுழற்றிப் போகிற லீடரை! ஆண்டு மலரில் வந்த படத்திலும் என்னுடைய தொப்பி மட்டுந்தான் தெரியும்.

அந்தக் குறை லண்டனுக்கு வந்து 'சவுண்டீஸ்' பார்த்த பிறகுதான் தீர்ந்தது. 1940 முதல் 1947 வரை அமெரிக்காவில் வெளிவந்த மூன்று நிமிடப் பாட்டுப் படங்கள் அவை. மதுக்கடை, ஹோட்டல், ரயில் நிலையம் என்று சனம் கூடுகிற இடங்களில் 'பனோராம்' என்ற அலுமாரி போன்ற பெட்டி நிற்கும். 10 சதம் போட்டால் ஒரு பாட்டு. விரும்பியதைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரே சுருளில் எட்டுப் படங்கள், அடுத்தது எதுவோ அதைத்தான் பார்க்க வேண்டும்.

பெட்டிக்குள் கண்ணாடிகளில் பட்டுத்தான் படம் திரைக்கு வரும். அதனால் பிரதிகளை இடம் வலம் மாற்றியே அச்சிட்டார்கள். அதைத் திருத்தாமல் சாதாரணத் திரையில் ஓடவிட்டால் ட்ரம்பெட்காரர் எல்லோரும் இடக்கையால் வால்வு அமுக்குவார்கள்! இன்னொன்று, பாட்டை முதலில் பதிவுசெய்துவிட்டு, பிறகு வாசிப்பதுபோல நடிக்கவைத்துத்தான் படம் பிடித்தார்கள். ட்ரம்ஸ்காரரின் கை சற்றுப் பிந்துவதை வாசித்துப் பழகிய கண் உடனே பிடித்துவிடும். எனக்கு அதுவும் பிடிக்கும்.

1941இல் டியூக் எலிங்டனின் ஜாஸ் இசைக்குழுவை வைத்து எடுத்த 'ஹொட் சொக்லேட்' ஒன்று போதும். பென் வெப்ஸ்டரின் டெனர் சாக்ஸபோன், பிறகு ஆளை ஆள் தூக்கியெறிந்து ஆடுகிற லிண்டி ஹொப் ஆட்டக்காரர். கதையும் இல்லை, வசனமும் இல்லை, வாசிப்பவர்களும் ஆடுபவர்களுந்தான்.

கலையாகப் பார்த்தால் 1944இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'ஜாமின் த ப்ளூஸ்' இவற்றுக்கெல்லாம் மேலே. இது பெட்டிக்காக அல்ல, திரையரங்குக்காக எடுத்தது, பத்து நிமிடம். எடுத்தவர் ஜோன் மிலி என்ற புகைப்படக்காரர். தொடக்கத்தில் திரையில் வெறும் வட்டங்கள். அவை அசையும்போதுதான் சாக்ஸபோன்காரர் லெஸ்டர் யங்கின் தொப்பி என்று தெரியும். (தொப்பியை இப்படியும் படம் பிடிக்கலாம்!) ஆனால் அதே படத்தில் கிற்றார் வாசித்த பார்னி கெசெல் வெள்ளையர் என்பதால் அவரை நிழலுக்குள் வைத்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக வாசிப்பதைக் காட்ட ஸ்டூடியோவுக்கு அவ்வளவு தயக்கம். கேட்கிற காதுக்கு அந்தப் பேதம் எங்கே தெரியப்போகிறது?

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் அடுத்த இராப்போசனத்தில் ஒரு திரை கட்டித் தந்தால் இந்தப் படங்களை நான் கொண்டுவருகிறேன். பைலாவுக்குக் காத்திருப்பவர்கள் அரை மணித்தியாலம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.