ஸ்டெப்னிக்கு ஒரு பூட்டு: கொங்குச் சாலைகளில் கேம்பர் வண்டியோடு போகிறவர்களுக்கு

கோவையிலிருந்து பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறை ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறினால் 27. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. இந்த மூன்று ஏற்றங்களிலும் பாதி வழியில் டயர் போனால் பஞ்சர் கடை தேடி நடக்க முடியாது. திம்பமும் வால்பாறைப் பாதையும் யானை நடமாடும் காடு. வண்டியில் இருக்கும் ஸ்டெப்னிதான் அப்போது துணை. கொங்கு நாட்டைக் கேம்பர் வண்டியில், அதாவது தங்கித் தூங்க வசதி செய்த வேனில், சுற்றக் கிளம்புகிறவர்கள் சோலார் தகடு, மெத்தை, அடுப்பு எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துப் பொருத்துகிறார்கள். ஸ்டெப்னியை மட்டும் கம்பெனி தொங்கவிட்டபடியே விட்டுவிடுகிறார்கள்.

டியூப்லெஸ் டயருக்குப் பஞ்சர் கிட் போதாதா என்ற கேள்வி வரும். 2020இல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியபோது, டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் 3.5 டன் வரையிலான பயணிகள் வண்டிக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று ஆக்கினார்கள். சட்டப்படி அது சரி. ஆனால் கிட்டில் இருக்கும் ரப்பர் திரி, தரையில் படும் பட்டையில் ஆணி ஏறிய ஓட்டையை மட்டும்தான் அடைக்கும். கரூர், காங்கேயம் பக்கம் குவாரி லாரிகள் சிந்திவிட்டுப் போகும் ஜல்லி டயரின் பக்கவாட்டை, அதாவது சைடுவாலைக் கிழித்தால் திரி நிற்காது. தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, கட்டில் என்று எப்போதும் பாரம் சுமக்கும் வண்டியில் ஒட்டுப்போட்ட சைடுவாலை நம்பி மலை இறங்கவும் கூடாது. ஸ்டெப்னி வேண்டும்.

திருட்டு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் பூட்டை எங்கே போடுவது என்று தெரியும். டெம்போ டிராவலர் மாதிரியான வேன்களில் ஸ்டெப்னி பின்பக்கம் சேஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு அடியில் படுத்திருக்கும். ரிம்மின் நடுத்துளையில் ஒரு தட்டு, தட்டிலிருந்து மேலே போகும் செயின் அல்லது ஒயர் ரோப், அதைச் சுற்றிவைக்கும் சிறிய வின்ச். பின் பம்பருக்குப் பக்கத்தில் உள்ள துளையில் கம்பியை விட்டுத் திருகினால் சக்கரம் இறங்கும். அந்தக் கம்பி எல்லா வண்டிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முனையை நசுக்கிய இன்னொரு கம்பியும் வேலை செய்யும். இது முதல் வழி. கம்பியே இல்லாமல் வண்டிக்கடியில் படுத்து போல்ட் கட்டரால் செயினை நறுக்கிவிடுவது இரண்டாவது வழி. சக்கரம் தானாகவே தரையில் விழும், உருட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். பின்கதவில் மாட்டிய ஸ்டெப்னிக்கு இவ்வளவுகூடத் தேவையில்லை. வீல் பானா ஒன்று இருந்தால் நட்டுகளைக் கழற்றிவிடலாம்.

எந்தப் பூட்டும் இரும்பறுக்கும் கிரைண்டரை நிறுத்தாது. பேட்டரியில் ஓடும் கிரைண்டர் ஓரிரு நிமிடத்தில் எதையும் அறுக்கும், ஆனால் அந்தச் சத்தத்துக்கு உள்ளே தூங்குகிறவர் எழுந்துவிடுவார். ஆகவே சத்தமில்லாமல் கழற்றும் வழிகளை எல்லாம் அடைக்க வேண்டும். அதோடு, ராத்திரி மழையில் கைவிளக்கு வெளிச்சத்தில் நீங்களே பத்து நிமிடத்துக்குள் கழற்றும்படியும் இருக்க வேண்டும். பட்டறையில் எதைப் பொருத்தச் சொன்னாலும் இந்த இரண்டையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

அடியில் தொங்கும் ஸ்டெப்னிக்கு இரண்டாவது செயின் ஒன்று போடுவதே நல்லது. வன்மை ஏற்றிய 10 மி.மீ. செயின், கண்ணி வட்டமாக இல்லாமல் சதுரமாக இருந்தால் மேல். ஒரு மீட்டர் முதல் ஒன்றேகால் மீட்டர் போதும். முதலில் ஒரு கயிற்றை ரிம்மின் இரண்டு துளைகள் வழியாகவும் சேஸின் குறுக்குச் சட்டத்தைச் சுற்றியும் விட்டு அளந்துகொண்டு, அந்த நீளத்துக்கே வாங்குங்கள். செயின் மிஞ்சித் தொங்கினால் அதுவே திருடனுக்கு வசதி. கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மற்றதன்மேல் உடம்புப் பாரத்தைப் போட்டு அமுக்குவான். கண்ணி தரைக்கு எட்டாமல் சட்டத்தை ஒட்டி இறுக்கமாக இருந்தால், மல்லாந்து படுத்து இரண்டு கைப் பலத்தால் மட்டுமே வெட்ட வேண்டியிருக்கும். பூட்டும் அப்படியே: சட்டத்துக்கு மேல்பக்கம், கை மட்டும் நுழையும் இடத்தில். தூக்குப்பூட்டில் பலவீனமான இடம் வளைவுக் கம்பிதான். அந்தக் கம்பியின் பெரும்பகுதியைப் பூட்டின் உடம்பே மறைத்திருக்கும் வகை, கடை ஷட்டர்களுக்குப் போடுவது போன்றது, இதற்குப் பொருத்தம்.

செயின் போகும் பாதையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சைலன்சர் குழாய்க்கு ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும். பிரேக் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள் எதிலும் உரசக் கூடாது. தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஆட்களையும் உட்காரவைத்துப் பாருங்கள். பாரம் ஏறும்போது ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கி ஆக்ஸில் மேலே வரும், காலி வண்டியில் தெரியாத உரசல் அப்போது தெரியும். செயினுக்குப் பழைய சைக்கிள் டியூபை உறையாகப் போட்டால் கடகடவென்ற சத்தமும் இருக்காது, ரிம்மின் பெயின்டும் போகாது.

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பட்டறைகளில் லாரிக்காரர்களுக்கு இந்த வேலையெல்லாம் அத்துப்படி. அங்கே அடிக்கடி காதில் விழும் பேச்சு இது:

“ஏனுங்ணா, இந்தச் செயினோட ஒரு முனையச் சேஸ்லயே வெச்சு வெல்டிங் அடிச்சுட்டா ஆகாதுங்களா?”

“அடிக்கலாமுங்க. சூடு பட்டாச் செயினோட பதம் போயிருமுங்களே. அப்பறம் சாதாக் கம்பியாட்டம் வெட்டிப்போட்டுப் போயிருவானுங்க.”

பட்டறைக்காரர் சொல்வது முற்றிலும் சரி. வன்மை ஏற்றிய இரும்பைக் காய்ச்சினால் அந்தக் கண்ணி மிருதுவாகிவிடும். சேஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் வெல்டிங் அடிப்பதும் துளை போடுவதும் அதைவிடத் தப்பு. பாரத்தின் இழுவை முழுவதும் அந்த விளிம்புகளில்தான், விரிசலும் அங்கிருந்தே தொடங்கும். கம்பெனி விட்டிருக்கும் துளையைப் பயன்படுத்துங்கள், அல்லது குறுக்குச் சட்டத்தைச் சுற்றிக் கட்டுங்கள்.

செயின் போட்ட பிறகும் வின்ச் துளையைத் திறந்து வைக்கக் கூடாது. 5 அல்லது 6 மி.மீ. பிளேட்டில் ஒரு மூடி வெட்டி, துளையை மறைத்து, சிறிய பூட்டுப் போடுங்கள். பூட்டுப் போட இடமில்லாவிட்டால் சாதாப் பானாவுக்குப் பிடிகொடுக்காத தலையுள்ள போல்ட்டைப் போட்டு, அதற்கான பிட்டைச் சாவிக்கொத்தோடு வைத்துக்கொள்ளலாம். சில கேம்பர் பட்டறைகள் அடியில் தண்ணீர்த் தொட்டிக்கு இடம் பிடிக்க ஸ்டெப்னியை எடுத்துப் பின்கதவுக்கு மாற்றிவிடுகின்றன. அப்படியானால் கதை வேறு.

15 அங்குல ரிம்மும் டயரும் சேர்ந்தால் 20 கிலோவுக்கு மேல். வேன் கதவின் தகடு அதற்காகச் செய்ததல்ல. நேராகப் போல்ட் போட்டுத் தொங்கவிட்டால் சில மாதங்களில் கீல் இறங்கி, கதவு சாத்தாமல், மழைத்தண்ணீர் உள்ளே வரும். பூட்டும் சரியாக விழாது. கதவு உட்பக்கம் 3 மி.மீ. பிளேட்டு வைத்துத் தகட்டை நடுவில் கவ்வினால் ஓரளவு தாங்கும். சரியான வேலை என்றால், பம்பர் பக்கத்துச் சேஸிலிருந்து 50×50×3 மி.மீ. சதுரப் பைப்பில் தனிக் கை ஒன்று செய்து, அது கீல்போலத் திரும்ப 25 மி.மீ. பின்னும் புஷ்ஷும் கிரீஸ் நிப்பிளும் வைத்து, கதவைத் திறக்கும் முன் விலக்கும்படி அமைப்பதுதான். கோவையில் எந்த லேத்திலும் பின்னையும் புஷ்ஷையும் கடைந்து தருவார்கள். கை மூடிய நிலையில் நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நட்டுகளில் ஒன்றை, தனிச் சாவியால் மட்டும் கழலும் சாவி நட்டாக மாற்றுங்கள், ஒன்றே போதும். வாங்கப் போகும்போது பழைய நட்டைக் கையோடு கொண்டுபோங்கள். 12×1.5, 12×1.25, 14×1.5 என்று மரை பல வகை. உட்காரும் முகமும் கூம்பாகவோ தட்டையாகவோ இருக்கும். மரை மாறினால் முதல் இரண்டு சுற்று ஏறிவிட்டுக் கடிக்கும், அதைப் பானா போட்டு இறுக்கினால் நட்டு ஏறும் ஸ்டட்டே போய்விடும். சாவி நட்டில் பஞ்சர் கடையின் காற்றுத் துப்பாக்கியை வைக்க விடாதீர்கள். சாவியின் பல் உடைந்தால் அப்புறம் உளியும் சுத்தியலும்தான். கையால் இறுக்கி கையால் கழற்றுங்கள். சாவியோடு வரும் எண்ணை வீட்டில் எழுதி வையுங்கள். சாவியை டேஷ்போர்டில் வைக்காமல் படுக்கைக்கு அடியில் வையுங்கள்.

கூரைமேல் ஸ்டெப்னியை ஏற்றுவதை நாங்கள் ஆதரிப்பதில்லை. பாரம் மேலே போனால் வளைவுகளில் வண்டி சாயும், தனியாளால் இறக்கவும் முடியாது. கட்டிலுக்கு அடியில் வைப்பது திருட்டுக்கு எதிரான மிகப் பாதுகாப்பான இடம். ஆனால் வெறுமனே சாய்த்து வைத்தால், பிரேக் போடும்போது அத்தனை கிலோவும் முன்னால் பாயும். தரையில் 8.8 கிரேடு எம்10 போல்ட்டுகளை அடித்தகட்டோடு போட்டு, ராட்செட் பெல்ட்டால் இறுக்கிக் கட்ட வேண்டும்.

பராமரிப்பில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுகிறார்கள். செம்மண் புழுதி பூட்டின் துவாரத்தில் ஏறி, மழைச்சேறும் சேர்ந்து காய்ந்தால் சாவி திரும்பாது. எண்ணெய் விட்டால் புழுதி இன்னும் ஒட்டும். கிராபைட் தூளே நல்லது. துவாரம் கீழ்நோக்கி இருக்கும்படி பூட்டி, மேலே டியூப் துண்டு ஒன்றை மூடியாகக் கட்டுங்கள். மாதம் ஒருமுறை வின்ச்சை முழுக்க இறக்குங்கள். செயினையும் தட்டையும் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, கண்ணிக்குக் கண்ணி கிரீஸ் தடவி, மறுபடி ஏற்றுங்கள். துருப்பிடித்து இறுகிய வின்ச்சைத் திருடனாலும் இறக்க முடியாதுதான், ஆனால் வால்பாறைப் பாதையில் அட்டகட்டியில் உங்களாலும் முடியாது. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் இறக்கத் தேவையில்லாமல், வால்விலிருந்து பம்பர் வரை வரும் நீட்டிப்புக் குழாய் ஒன்று போட்டுக்கொள்ளலாம். பின்சக்கரத்துக்குச் சொன்ன அழுத்தத்தை ஸ்டெப்னியிலும் வையுங்கள்.

இரவில் எங்கே நிறுத்துவது? திம்பத்தில் 2022 முதல் இரவுத் தடை. மூடிய பிறகு வந்தால் காலை 6 மணி வரை பண்ணாரிப் பக்கம் காத்திருக்க வேண்டியதுதான். அங்கே நிற்கும் வண்டிகளின் வரிசையோடு நில்லுங்கள், ஒதுங்கித் தனியாக வேண்டாம். சேலம் – கோவை நெடுஞ்சாலையில் என்றால் கேமரா உள்ள பெட்ரோல் பங்க், ஆட்கள் விழித்திருக்கும் டீக்கடை. எங்கானாலும் வண்டியைப் பின்னால் எடுத்து, பின்பக்கம் சுவரை ஒட்டி ஓரடி இடைவெளியில் நிறுத்துங்கள். நீளமான வின்ச் கம்பியை நேராகத் துளைக்குள் விட அந்த இடம் பற்றாது, தனிக் கையில் மாட்டிய ஸ்டெப்னியை விலக்கவும் இடமிருக்காது. செலவில்லாத பூட்டு இதுதான். தோட்டத்தில் நிறுத்தக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். “ஏனுங்க, ராத்திரிக்கு இங்க நிறுத்திக்கலாமுங்களா” என்று வீட்டில் கேட்டுவிட்டு, களத்துமேட்டில் நிறுத்துங்கள்.

கிளம்பும் முன்பே ஸ்டெப்னியின் அடையாளத்தைப் பதிந்துவைக்க வேண்டும். டயரின் பெயர், அளவு, சைடுவாலில் உள்ள கடைசி நான்கு எண்கள். 2323 என்றால் 2023இன் 23ஆவது வாரம் செய்தது. இவற்றைப் படம் எடுத்து, பில்லோடு போனில் வையுங்கள். ரிம்மின் உட்பக்கம், போல்ட் துளைகளுக்கு நடுவில், வண்டி எண்ணைப் பெயின்டால் எழுதுங்கள். லாரி டயரில் சூட்டுமுத்திரை போடுவது போல வேன் டயரில் போட வேண்டாம். அதன் சைடுவால் மெல்லியது.

தொலைந்தே போனால் வண்டியை உடனே எடுக்காதீர்கள். மற்ற நான்கு சக்கரங்களின் நட்டுகளையும் பானா வைத்துப் பாருங்கள், பாதி தளர்த்திவிட்டு ஆள் வந்ததும் ஓடியிருக்கலாம். ஜாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு காவல் நிலையம். பாரதிய நியாய சம்ஹிதாவின் 303ஆம் பிரிவில் திருட்டு வரும். பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைந்தால் போலீசார் தாமாக வழக்குப் பதிந்து விசாரிக்கும் குற்றமாக அது கருதப்படாது. எனவே டயர், ரிம் இரண்டின் பில்லும் காட்டுங்கள். ஊர் தாண்டிய பிறகே கவனித்தால் அந்த இடத்திலேயே புகார் தரலாம், எல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் வராதீர்கள். இன்சூரன்ஸ் கிடைக்குமா என்பதைப் பாலிசியில் படியுங்கள். வணிக வண்டிகளின் பேக்கேஜ் பாலிசியில், வண்டியும் சேர்ந்து திருடு போனால் தவிர, உதிரி உபகரணங்கள் மட்டும் போனதற்கு இழப்பீடு இல்லை என்ற வரி இருக்கும்.

மறுபடி வாங்கக் கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளுக்குப் போகிறவர்கள் போல்ட் துளை வட்டமும் நடுத்துளையும் பொருந்துகிறதா என்று பழைய ரிம் ஒன்றைக் கொண்டுபோய் ஒத்துப் பார்க்க வேண்டும். ரிம்மை உருட்டிவிட்டு நெளிவு இருக்கிறதா என்று பாருங்கள், துளைகளைச் சுற்றி விரிசல் இருந்தால் வேண்டாம். பில் இல்லாமல் யாரோ ஒருவர் மலிவாகத் தருவதை வாங்காதீர்கள். திருட்டுப் பொருளைத் தெரிந்து வாங்குவது அதே சட்டத்தின் 317ஆம் பிரிவில் வரும். கடை ரசீதில் ரிம்மின் அளவையும் டயரின் நான்கு எண்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள், கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள்.