வேகம் கலக்கும்போது மட்டும், மற்றதெல்லாம் பைய

மெதுவாக என்பதைக் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் 'பைய' என்கிறோம். பாறசாலை தாண்டினால் 'பய்யெ'. மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரத்து ஆய்வகங்களுக்கு வரும் பிள்ளைகள் எம்ஆர்என்ஏவைப் பொதிந்து வைக்கும் கொழுப்புத் துகள் செய்யும் வேலையில் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது, அந்தச் சொல் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைத்தான்.

கலக்கும் இடத்தில் செல்லாது. துகளைக் கட்டும் லிப்பிட்கள், அதாவது கொழுப்புகள், நான்கு: அமிலத்தில் மின்னூட்டம் பெறும் அயனியாகும் லிப்பிட், டிஎஸ்பிசி என்ற பாஸ்போலிப்பிட், கொலஸ்ட்ரால், பெக் என்ற பாலிமர் ஒட்டிய பெக்-லிப்பிட். இவை 50:10:38.5:1.5 மோல் விகிதத்தில் எத்தனாலில் இருக்கும். ஆர்என்ஏ, பிஎச் 4 சிட்ரேட் பஃபரில். பஃபர் மூன்று பங்குக்கு எத்தனால் ஒரு பங்கு. மில்லிநொடிகளில் கலந்தால்தான் 80 நானோமீட்டர் அளவில் சீரான துகள் கிடைக்கும். பம்பைத் தயங்கி ஓட்டினால் பெரிதும் சிறிதுமாக வரும்.

கலந்ததும் கதை மாறுகிறது. 25 சதவீத எத்தனாலில் துகள் இளகிக் கிடக்கும், ஒன்றோடொன்று ஒட்டும். தாமதிக்காமல் பஃபர் விட்டு நீர்த்துவிட வேண்டும்.

அடுத்தது எத்தனாலை நீக்கும் டிஎஃப்எஃப் வடிகட்டல்: திரவம் சவ்வின் மேலாக ஓடிச் சுற்றி வரும், துகள்கள் உள்ளே நிற்கும், சவ்வைத் தாண்டி வெளியேறுவது வடிநீர். பெரும்பாலும் சரக்கு கெடுவது இங்கேதான். வடிநீர் குறைந்தால் கை தானாக அழுத்தத்தைக் கூட்டப் போகும். கூட்டாதீர்கள்: துகள்கள் சவ்வில் அப்பிக்கொண்டு வடிநீர் இன்னும் குறையும். அழுத்தத்தை இறக்கி, சவ்வுக்கு மூச்சுவிட நேரம் கொடுங்கள். திரும்பி வரும் குழாயின் நுனி திரவத்துக்குள் மூழ்கியிருக்கட்டும். மேலிருந்து விழுந்தால் நுரைக்கும். காற்றும் நீரும் சேரும் பரப்பில் துகள்கள் திரளும். தயிரில் மத்தைப் போட்டு வெண்ணெய் எடுப்பதும் ஏறக்குறைய இதே வேலை. நமக்கு இங்கே வெண்ணெய் வேண்டாம்.

மழைக்காலத்தில் கரண்ட் போவது இந்தப் பக்கம் சகஜம். பம்பு நின்றால் முதலில் வடிநீர்க் குழாயை மூடுங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

வடிநீர் போகப் போகப் புது பஃபர் விட்டு, கன அளவை மாற்றாமல் அதன் 6 மடங்கு பஃபர் ஓட்டினால், தொடக்கத்தில் இருந்த எத்தனாலில் 0.25 சதவீதம்தான் மிஞ்சும். 8 முதல் 10 மடங்கு ஓட்டுவது நல்லது, பிஎச்சும் 7.4-க்கு நிதானமாக ஏறும்.

ஒவ்வொரு படிக்கு முன்னும் பின்னும் அளவெடுக்காதவர்களுக்குத் தவறு எங்கே என்று தெரியவே வராது. ரைபோகிரீன் ஆர்என்ஏவில் ஒட்டி ஒளிரும் சாயம், ட்ரைட்டான் துகளை உடைக்கும் சோப்பு மாதிரி. ரைபோகிரீன் சோதனையை ட்ரைட்டான் போட்டும் போடாமலும் செய்து பாருங்கள்: இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் துகளுக்குள் அடங்கிய ஆர்என்ஏ. துகளின் அளவு 80-லிருந்து 110 நானோமீட்டர் ஆகியும் உள்ளடங்கிய ஆர்என்ஏ குறையவில்லை என்றால் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன: எத்தனாலில் நின்ற நேரத்தைப் பாருங்கள். ஆர்என்ஏவும் வெளியே கசிந்திருந்தால் பம்பையும் நுரையையும் பாருங்கள்.