கால் தாளில் ஒரு நன்றி

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் "நன்றி சொல்லு" என்ற குரல் அதிகம் கேட்பது, வெளியிலிருந்து யாராவது புத்தகப்பை கொண்டுவந்து கொடுக்கும் நாளில்தான். பிள்ளைகள் வரிசையில் நின்று கும்பிட்டு, போட்டோவுக்குச் சிரிக்கிறார்கள். அதில் அவர்கள் பழகுவது கைகட்டி நிற்பதைத்தான். அரசாங்கம் 1980 முதல் இலவசமாகத் தரும் பாடப்புத்தகத்துக்குப் பிள்ளை யாரிடமும் குனியத் தேவையில்லை; அது உரிமை. நன்றியைப் பழக்க வேண்டிய இடம் வேறு.

தரம் 3 முதல் 5 வரை, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் 15 நிமிடம் போதும். கொப்பித் தாளை நாலாகக் கிழித்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுங்கள். முழுத் தாள் கொடுத்தால் பக்கத்தை நிரப்பவே பார்ப்பார்கள். ஒரே ஒரு ஆளைப் பற்றி மூன்று விஷயம் எழுத வேண்டும்: என்ன செய்தார், எனக்கு அதில் என்ன கிடைத்தது, அதற்காக அவர் என்ன சிரமப்பட்டார். உதவியவரின் எண்ணம், அவர் பட்ட சிரமம், தனக்குக் கிடைத்த பயன் ஆகியவற்றை யோசிக்கப் பழகிய 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் நன்றியுணர்வு கூடியதை, உளவியலாளர் ஜெஃப்ரி ஃப்ரோ குழுவினர் அமெரிக்காவில் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வும் காட்டியது.

இரண்டாம் வாரமே பயிற்சி படுத்துவிடும். எல்லாத் துண்டிலும் "அம்மாவுக்கு நன்றி, டீச்சருக்கு நன்றி" என்றிருக்கும். திட்ட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

"அம்மா என்ன செஞ்சாங்க?"

"சப்பாத்து வாங்கித் தந்தாங்க."

"காசு எப்படி வந்துச்சு?"

"மழையிலயும் கொழுந்து பறிக்க மலைக்குப் போனாங்க டீச்சர். அட்டை ஏறும்னு காலுல சவர்க்காரம் பூசிக்கிட்டுப் போனாங்க."

எழுத வேண்டியது அந்தச் சவர்க்காரத்தைத்தான். ஒரு மாதம் போனதும், வீட்டாரை விட்டு வேறு ஆளைத் தேடச் சொல்லலாம். வேலைக்குப் போகிறவர்களின் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து ஆயா, தண்ணிக் குழாய் உடைந்தால் கட்டுகிறவர், மழையில் ஏற்றிக்கொண்டு வரும் ஆட்டோ அண்ணன் என்று பட்டியல் நீளும்.

சிவப்புப் பேனை, புள்ளி இரண்டும் கூடாது. எழுத்துப்பிழை பார்க்கத் தொடங்கினால், பிழை வராத சொற்களை மட்டும் பிள்ளை எழுதும். கட்டாயப்படுத்தி வாசிக்க வைப்பதும் தப்பு. அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் பிள்ளை அந்த நேரத்தில் உறைந்துபோகும். "உனக்காகத்தானே போனாங்க" என்று ஆறுதலுக்குச் சொன்னாலும் அது பிள்ளைமேல் பாரமாகத்தான் ஏறும். அம்மாயியைப் பற்றியோ அக்காவைப் பற்றியோ எழுதட்டும்.

துண்டு உரியவர் கைக்குப் போக வேண்டும். அவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையே வாசித்துக் காட்டட்டும். சொல்லப்போனால் அதுதான் இன்னும் நல்லது.

வீட்டுக்கு இதைப் பாடமாகக் கொடுத்தனுப்பக் கூடாது. மலையிலிருந்து வந்து ரொட்டி தட்டும் அம்மாவிடம் இன்னொரு கொப்பியை நீட்டுவது நியாயமில்லை. அடுப்படியில் பேச்சோடு பேச்சாக, "இன்னைக்கு உனக்கு யாரு உதவி செஞ்சா?" என்று கேட்டால் போதும். களைத்து வருகிறவருக்குச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுப்பதும் நன்றிதான். ஆனால் அங்கே ஒரு வில்லங்கம் உண்டு: நன்றி என்ற பேரில் வீட்டுவேலை முழுக்கப் பொம்பளைப் பிள்ளை தலையில் விழுந்துவிடும். தங்கச்சி தேத்தண்ணி ஊற்றினால் அண்ணன் குடத்தைத் தூக்க வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் பட்டென்று சொல்லிவிடுங்கள். "கெட்டிக்காரி" என்று தட்டிக்கொடுப்பதைவிட, "நீ தண்ணி புடிச்சு வச்சதாலதான் எனக்குக் கொஞ்சம் உட்காரக் கெடச்சது" என்று பெரியவர்கள் சொல்வதையும் அங்கேயே இரண்டு பேரை விட்டுச் சொல்லிப் பார்க்க வைக்கலாம். முதலில் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள், அப்புறம் சரியாகிவிடும்.