கூட்டாத மூலை

யாழ்ப்பாணத்து நல்லூரில் எங்கள் வளவு இரண்டு பரப்புக் காணி. கிளுவை வேலியைப் பிடுங்கி மதில் கட்டி, முற்றத்துக்கும் சீமெந்து போட்ட பிறகு காகமும் மைனாவும்தான் மிச்சம். விடியற்காலை வெறிச்சென்று இருந்தது. மதிலை இனி இடிக்க முடியாது. சரி, கிணற்றடிக்குப் பின்பக்கத்தையாவது குருவிகளுக்கு விடுவோம் என்று இறங்கினேன்.

முதலில் ஆனி மாதத்தில் கடையில் கன்றுகள் வாங்கி வைத்தேன். அதிகம் தண்ணீர் தேவையில்லை என்றுதான் விற்றார்கள். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றில் இரண்டே கிழமையில் எல்லாம் கருகிவிட்டன. அப்புறம் ஐப்பசி மழைக்குக் காத்திருந்து, மதிலோரமாகக் கிளுவை, பூவரசுக் கதியால்களை, அதாவது நட்டால் துளிர்க்கும் தடிகளை, நட்டேன். தேன்சிட்டுக்காக இரண்டு செவ்வரத்தை. மாரி மழையே எல்லாவற்றையும் பிழைக்க வைத்தது.

கஷ்டமாக இருந்தது சருகு விஷயம். அம்மா தினமும் வேப்பஞ்சருகைக் கூட்டி எரிப்பார்.

"சருகு கிடந்தால் பாம்பு வரும், பிள்ளை" என்றார்.

அந்தப் பயம் நியாயமானது. அதனால் முன்முற்றம் வழக்கம்போலக் கூட்டுவது, வீட்டிலிருந்து தள்ளியிருக்கும் வேம்படி மூலையை மட்டும் விட்டுவிடுவது என்று பேசிக்கொண்டோம். சில நாளில் ஏழெட்டுப் புலுனிகள், அதாவது தவிட்டுக்குருவிகள், வந்து இறங்கின. சொண்டால் சருகை ஒவ்வொன்றாகப் புரட்டி எறிந்து, அடியில் இருந்த பூச்சிகளைக் கொத்தின. ஒன்று மட்டும் மேலே கொப்பில் காவல் இருந்தது. அம்மா விளக்குமாற்றோடு நின்று கடைசிவரை பார்த்தார்.

தண்ணீருக்கு வைத்த மண்சட்டி ஆழமாகிப்போனது. குருவிகள் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் பறந்தன. உள்ளே ஒரு சுண்ணாம்புக்கல்லை வைத்து, அதன் மேல் ஒரு விரல் உயரம் தண்ணீர் நிற்கும்படி விட்டதும் கொண்டைக்குருவிகள் குளிக்கத் தொடங்கின. டெங்கு நுளம்பு பெருகக்கூடாது, எனவே தினமும் காலையில் தண்ணீரைக் கொட்டி, தும்பால் உரசிக் கழுவுகிறேன். இதில் ஒருநாளும் சோம்பல் கூடாது.

முருங்கையில் பட்டுப்போன கொப்பு ஒன்று இருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் வெட்டச் சொன்னார்கள். கீழே ஆள் நடமாட்டம் இல்லாத இடம் என்பதால் விட்டுவைத்தேன். பங்குனியில் ஒரு குக்குறுவான் அதன் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் தொங்குவதுபோல ஒட்டிக்கொண்டு கொத்தத் தொடங்கியது. பச்சை உடம்பு, நெற்றியில் சிவப்பு. துளை இப்போது அதன் தலை போகுமளவுக்கு வந்துவிட்டது. இன்று காலையும் முருங்கையடியில் புதிதாக மரத்தூள் கிடந்தது.