கூண்டில் இருந்து இறங்கும்போது விளங்கியதா?

நீதிமன்றத்தைக் கவனிக்கப் போகும் தொண்டர்களிடம் நான் முதலில் சொல்வது, தீர்ப்பை விட்டுவிடுங்கள் என்பதுதான். எதிரி குற்றவாளியா சுற்றவாளியா என்று பார்ப்பது எங்கள் வேலை அல்ல. கூண்டில் ஏறிய மனிதர், தனக்கு என்ன நடந்தது என்று விளங்கித்தான் இறங்கினாரா? அதை எழுதுங்கள் என்பேன்.

வன்னியில் இதைத் தொடங்கியபோது "உள்ளே விடுவார்களா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். விடத்தான் வேண்டும். நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடக்க வேண்டும் என்கிறது இலங்கை அரசியலமைப்பின் 106ஆவது உறுப்புரை. குடும்ப உறவு, பாலியல், தேசிய பாதுகாப்பு போன்ற சில விடயங்களில் மட்டும் நீதிபதி வெளியாட்களை விலக்கலாம். ஆனால் சோதனைச் சாவடிகளுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, வழக்கு ஏதும் இல்லாமல் நீதிமன்றப் படி ஏறுவதே பெரிய காரியம். முதல் நாள் சிலர் வாங்கின் நுனியில்தான் இருந்தார்கள்.

குறிப்பதெல்லாம் சின்னச் சின்ன விடயங்கள். நீதவான் முகம் பார்த்துப் பேசினாரா? ஆளைப் பேச விட்டாரா? சட்டத்தரணி இல்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது என்று யாராவது சொன்னார்களா? வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ்தான். இருந்தும், பொலிஸ் அதிகாரி சிங்களத்தில் நீளமாகச் சொன்னது ஒற்றை வரித் தமிழாகி எதிரியின் காதுக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். மீதி எங்கே போனது என்று அவர் யாரிடம் கேட்பார்?

ஒரு நாள் வேலிச் சண்டை வழக்கு ஒன்று. மீசை அரும்பிய பையன். பெயர் கூப்பிட்டார்கள், ஏறினான், பொலிஸார் ஏதோ சொன்னார்கள், நீதவான் கோவையைப் பார்த்தபடியே உத்தரவைச் சொன்னார். அடுத்த பெயரைக் கூப்பிட்டாயிற்று. வெளியே தாய் ஓடிவந்து எங்கள் தொண்டரைப் பிடித்துக்கொண்டா: "பிள்ளை, விட்டதோ, மறியலோ?" ஆள்பிணை கிடைத்திருந்தது; அதாவது, ஆட்கள் வந்து பொறுப்பு நின்றால் விடுவார்கள். பிணை நிற்பவர்கள் கிராம சேவகரிடம் கடிதம் எடுத்து வர வேண்டும் என்று அவவுக்கு யாரும் சொல்லவில்லை. அவ ஊருக்குப் போய்க் கடிதத்தோடு திரும்பி வருவதற்குள் நீதிமன்றம் முடிந்துவிட்டது. பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம். அதன்படியே பிணை கொடுத்தார்கள். பையன் அன்றிரவு மறியலில்தான் படுத்தான்.

வழக்குகள் மலைபோலக் குவிந்திருக்கின்றன, நேரம் இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் அதே குவியலோடு இருக்கும் இன்னொரு நீதவானையும் பார்த்திருக்கிறோம். பேனையை வைத்துவிட்டு, "இரண்டு பேர் பிணைக்கு வர வேணும். கிராம சேவகர் கடிதத்தோட வரச் சொல்லுங்கோ. விளங்கினதோ ஐயா?" என்று கேட்பார். தலையாட்டினால் போதாது, திருப்பிச் சொல்லச் சொல்லுவார். அரை நிமிடம் போகுமா? அப்புறம் அந்தக் குடும்பம் வாசலில் யாரிடமும் கையேந்தி நிற்பதில்லை. எனக்கு நீதிமன்றத்தின் மேல் நம்பிக்கை வருவது இவரைப் போன்றவர்களைப் பார்க்கும்போதுதான்.

இப்போது எங்கள் படிவத்தில் ஒரு கேள்வியைக் கூட்டியிருக்கிறோம்: பிணைக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று உறவினருக்குச் சொன்னது யார்? அநேகமான தாள்களில் "பக்கத்தில் நின்றவர்" என்றே எழுதி வருகிறது.